தோட்டாப் பெட்டியில் சுருட்டு வைக்கலாமா? குமரி மாவட்டத்து ஈரத்துக்கு அது தாங்குமா?

தக்கலைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நீண்ட நாளாக வாசிக்கிறேன், கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

என் மாமா குவைத்தில் ஒரு படைமுகாமின் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது கப்பல் கார்கோவில் அனுப்பிய சாமான்களோடு இரண்டு பச்சை இரும்புப் பெட்டிகளும் வந்தன. பால்பவுடர், கம்பளி, பாதாம் எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். பெட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆணி, திருப்புளி, பழைய குழாய்த் திருகுகள் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு அவை எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. வெளியே மஞ்சள் எழுத்தில் கலிபர் .50 என்றும், 100 என்றும் இருக்கிறது. எம்2ஏ1 என்றும் பொறித்திருக்கிறார்கள்.

என் மைத்துனர் ஒரு பயணக் கப்பலில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் டொமினிக்கன், நிகராகுவா சுருட்டுகளை எனக்காகக் கொண்டுவருவார். சுங்கத்தில் 25 சுருட்டுக்கு மேல் வரியில்லாமல் விடமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டிதான். நானோ ஞாயிறு மாலையில் ஒன்று பற்றவைப்பவன். ஆகவே சேர்ந்துகொண்டே போகிறது. சென்ற ஆடியில் பீரோவுக்குள் மரப்பெட்டியோடு வைத்திருந்தவற்றில் வெள்ளைப் பூசணம் பிடித்துவிட்டது.

வெளிநாட்டுக் காணொளிகளில் இதே பச்சைப் பெட்டியைக் கழுவி, உள்ளே பலகை அடித்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து வைக்கிறார்கள். துவைத்துப் போட்ட வேட்டியே மழைக்காலத்தில் மூன்று நாள் காயாமல் கிடக்கும் ஊரில், பெட்டிக்குள் நான் தண்ணீர் வேறு ஊற்ற வேண்டுமா? பெட்டியில் எண்ணெய் நாற்றம் இன்னும் இருக்கிறது. ஆசாரியிடம் பலகை கேட்டேன், அயினி போதும் என்கிறார். மாடியில் கான்கிரீட் அறை ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே வைக்கலாம் என்று எண்ணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முட்டம் மாலுமி:

மக்களே, பெட்டி நல்ல பெட்டி. எம்2ஏ1 என்பது அமெரிக்கப் படையின் அரை அங்குலத் தோட்டாவுக்கானது. சரமாகக் கோத்த நூறு தோட்டா அதற்குள் அடங்கும், அந்த 100 அதைத்தான் சொல்கிறது. உள்ளளவு ஏறத்தாழ 11 அங்குல நீளம், ஐந்தரை அகலம், ஏழு உயரம். ஐந்து அங்குலச் சுருட்டை நீளவாக்கில் இரண்டு வரிசையாகப் படுக்க வைத்தால், பலகை அடித்த பிறகும் அறுபது சுருட்டு நெருக்கமில்லாமல் கிடக்கும்.

மூடியின் உட்புறம் ரப்பர் பட்டை இருக்கும். கொண்டியை அழுத்தினால் மூடி அதன்மேல் இறுகி உட்காரும். தோட்டாவுக்கு ஈரம் ஆகாது, அதற்காகச் செய்த ஏற்பாடு. மேல்நாட்டுச் சுருட்டுக்காரன் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறான். குளிர்காலத்தில் அவன் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும், காற்று வறண்டு சுருட்டின் மேல் இலை வெடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் இருக்கவே அவனுக்குப் பெட்டி. நமக்கு வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வராமல் இருக்க வேண்டும். படைக்காரன் எதற்குச் செய்தானோ அதற்கே நாம் பயன்படுத்தப்போகிறோம். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். தண்ணீர் வேண்டாம், பஞ்சும் வேண்டாம்.

சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. போதாதென்று கடல் வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று கொஞ்சம் உலர்ந்து அடிக்கும், தக்கலைக்கு மேற்கே அந்தப் பேச்சே இல்லை. ஈரப்பதமானி வாங்குமுன் அடுப்படிக்குப் போய் உப்பு மரவையைப் பாருங்கள். சோடியம் குளோரைடு 75 விழுக்காட்டை ஒட்டித்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். புத்தளம், சாமித்தோப்பு உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அது முன்னதாகவே கசிந்துவிடும், ஆகவே பொடியுப்பைக் கவனியுங்கள். பொடியுப்பு ஈரமாகிக் கட்டிபட்டால் உங்கள் வீட்டுக் காற்று சுருட்டுக்கு ஆகாத காற்று. அந்த நேரத்தில் பெட்டியைத் திறக்கவே கூடாது.

மின்னணு ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். சோதிக்கவும் உப்புதான். ஒரு பாட்டில் மூடியில் பொடியுப்பை எடுத்து, ஈர மணல் பதத்துக்கு வரும் அளவுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் போகாத ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடி, ஒரு நாள் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்தக் கருவி எப்போதும் நான்கு குறைத்துச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கருவியும் இந்தச் சோதனையில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்குள் வைக்க போவேடா பை இணையத்தில் கிடைக்கிறது. அதற்குள்ளும் உப்புக் கரைசல்தான். ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் எடுத்துக்கொள்ளும். 72 என்று போட்டதை வாங்கிவிடாதீர்கள், அது மூச்சுவிடும் மரப்பெட்டிக்கானது. காற்றுப்புகாத இரும்புப் பெட்டிக்கு 65 போதும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று என்பது கணக்கு.

இனி இரும்பின் குணம். கப்பலில் காப்பிக்கொட்டை, கொக்கோ மூட்டை ஏற்றியவர்களுக்கு இது தெரியும். வெப்பமான கடலில் சரக்கை ஏற்றிக் குளிர்ந்த கடலுக்குள் போனால், சரக்கிலிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த இரும்புத் தகட்டில் பட்டு வியர்க்கும். முத்து முத்தாகச் சேர்ந்து மேல்தகட்டிலிருந்து மூட்டைமேல் சொட்டும். அடியில் இருக்கும் மூட்டை காய்ந்து கிடக்க, மேல் மூட்டை கறுத்துப்போகும். உங்கள் சின்னப் பெட்டியிலும் இதே வேலை நடக்கும். பகலில் சூடேறி, இரவு மழையில் சட்டென்று குளிரும் இடத்தில் வைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்க்கும். அதனால்தான் பலகை, வாசனை இரண்டாம் பட்சம். நான்கு பக்கமும், அடியும், மூடிக்கு உள்ளேயும் பலகை வேண்டும். எந்தச் சுருட்டும் இரும்பைத் தொடக் கூடாது.

மாடி கான்கிரீட் அறையை மறந்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் அந்தத் தளம் இரவு பத்து மணிக்கும் தணலாகக் கிடக்கும், இரும்பு அந்தச் சூட்டை அப்படியே உள்ளே கடத்தும். கீழே பட்டாசலில், அதாவது கூடத்தில், வெயில் படாத மூலை பாருங்கள். மேற்குச் சுவரை ஒட்டாமல், தரையில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வையுங்கள். பழைய ஓட்டு வீடு என்றால் சாமான் வைக்கும் அறையாக மரத்தட்டு போட்ட அரங்கு இருக்குமே, அதைவிட நல்ல இடம் கிடையாது.

எண்ணெய் நாற்றத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும். ரப்பர் பட்டையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், நாற்றம் பெரும்பாலும் அதன் பள்ளத்தில்தான் பதுங்கியிருக்கும். வெயிலில் திறந்து காயப்போட்டு, பிறகு ஆப்பச் சோடாவை ஒரு கிண்ணத்தில் வைத்துச் சில நாள் மூடி வையுங்கள். கடைசியில் கிண்ணத்தை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை இரண்டு நாள் மூடிவைத்துத் திறந்தவுடன் மூக்கை உள்ளே விடுங்கள். ஏதாவது மணந்தால் இன்னும் ஆகவில்லை. உள்ளே வண்ணம் அடித்து நாற்றத்தை மூடலாம் என்று நினைக்க வேண்டாம், புது வண்ணத்தின் வாடையை ஆறு மாதம் புகைப்பீர்கள். வெளியே மட்டும், பெட்டியோடு ரயிலிலோ விமானத்திலோ போகும் எண்ணம் இருந்தால், அந்த மஞ்சள் எழுத்தின்மேல் அடித்துவிடுங்கள். உள்ளே சுருட்டுதான் இருக்கிறது என்று சோதனை வாசலில் சொல்லி மாளாது.

குலசேகரம் ரப்பர்பால்:

மாலுமி அண்ணாச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு மிஞ்சியது ரப்பரும் மரமும். அவை இரண்டும்தான் எனக்குத் தெரியும்.

மூடியின் பட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் உள்வாங்கி உடனே நிமிர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றாலும், வளைக்கும்போது மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலும் அது செத்துவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, கொண்டியைப் போட்டு இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கத்திலும், நான்கு மூலையிலும் செய்ய வேண்டும். காகிதம் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ஈரமும் வழுக்கி உள்ளே வரும். மூலைகளில்தான் பெரும்பாலும் மோசம் போகும், ஏனென்றால் கீழே விழுந்த பெட்டிக்கு முதலில் அடிபடுவது மூலை. நெளிந்திருந்தால் மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டி நேராக்கலாம்.

பட்டை மெதுவாக இருக்கட்டும் என்று வாசலைனோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பொதபொதவென்று ஆகிவிடும். சிலிக்கான் கிரீஸ் விரல்நுனி அளவு போதும். புதுப் பட்டை வேண்டுமானால் நாகர்கோவிலில் வாகனக் கதவு ரப்பர் விற்கும் கடைகளுக்குப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போங்கள், அளவைச் சொல்லி வாங்க முயன்றால் மறுபடியும் அலைய வேண்டியிருக்கும். வாங்கிய புது ரப்பருக்கும் ஒரு வாடை உண்டு, அதையும் கழுவிக் காற்றாட விட வேண்டும்.

மரத்துக்கு வருகிறேன். அயினி கதவுக்கும் வள்ளத்துக்கும் அருமையான மரம், ஆசாரி தன் பழக்கத்தில் சொல்லியிருக்கிறார். உலகம் முழுவதும் சுருட்டுப் பெட்டிக்குப் பயன்படும் 'ஸ்பானிஷ் சிடார்' என்பது பெயருக்குத்தான் சிடார், உண்மையில் நம் வேப்பமரத்தின் குடும்பம். தாவரவியல் பெயர் செட்ரெலா ஒடோராட்டா. அதன் நெருங்கிய உறவு நம் மலையிலேயே நிற்கிறது: சந்தன வேம்பு, மதகிரி வேம்பு என்றும் சொல்வார்கள். முன்பு அதையும் செட்ரெலா என்றே வகைப்படுத்தியிருந்தார்கள், இப்போது டூனா சிலியாட்டா. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டிக்கும் சுருட்டுப் பெட்டிக்கும் இந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள். செம்பழுப்பாக, எடை குறைவாக, மெல்லிய நல்ல மணத்தோடு இருக்கும். மர அறுவை ஆலையில் பழைய சன்னல் சட்டம் உடைத்த துண்டு கிடைத்தாலும் போதும், உங்களுக்கு வேண்டியது கால் அங்குலப் பலகைதானே. பளபளப்பு எண்ணெய், வார்னிஷ், பசை எதுவும் வேண்டாம். அளவாக வெட்டி ஒன்றையொன்று நெருக்கி நிற்கும்படி செருகச் சொல்லுங்கள். பைன் பலகையும் தேவதாருவும் கிட்டவே வரக் கூடாது, பிசின் வாடை சுருட்டில் ஏறினால் இறங்காது.

கோட்டாறு பலசரக்கு:

எனக்குச் சுருட்டுப் பழக்கம் கிடையாது. ஆனால் இங்கே யாரும் வண்டைப் பற்றிப் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

புகையிலையைத் தின்னும் வண்டும் என் கடையில் மஞ்சள், மல்லி, சுக்கு மூட்டைகளைத் தின்னும் வண்டும் ஒன்றுதான். லேசியோடெர்மா என்று பெயர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும், செம்பழுப்பு நிறம், முதுகு வளைந்து தலை கீழே தொங்கினாற்போல் இருக்கும். விரலால் தொட்டால் செத்ததுபோல் கிடக்கும். தின்பது வண்டல்ல, அதன் புழு. மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே வெறும் தூளாக இருக்கும், வெளியே குண்டூசி முனையளவு வட்டமான ஓட்டை ஒன்றுதான் தெரியும். சுருட்டிலும் அதே ஓட்டைதான் தெரியும். பற்றவைத்து இழுத்தால் ஓட்டை வழியே காற்றுப் போகும், புகை வராது.

முட்டை இலையோடே வந்துவிடுகிறது. குளிர் நாட்டில் அது பொரிக்காமல் கிடக்கும். 24 டிகிரிக்கு மேலே போனால் அதற்குக் கொண்டாட்டம், நம் ஊரில் வருடம் முழுவதும் அதுதான் நிலை. காற்றுப்புகாப் பெட்டி வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், உள்ளே இருப்பதை என்ன செய்யும்? ஒரு சுருட்டில் பொரித்தால் அறுபதையும் முடித்துவிட்டுத்தான் ஓயும்.

ஆகவே மைத்துனர் கொண்டுவந்தவுடன் பெட்டியில் அடுக்காதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றி, உறைபெட்டியில் நான்கைந்து நாள் வையுங்கள். வீட்டு உறைபெட்டி பொதுவாக மைனஸ் 18 வரை போகும். வெளியே எடுத்ததும் நேராக மேசைமேல் வைக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் விட்டுப் பிறகு வெளியே எடுங்கள், பையைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரட்டும். சட்டென்று சூடேறினால் மேல் இலை வெடித்துவிடும். நெய்மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பாச்சை உருண்டையும் கற்பூரமும் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். மிளகுக்கு நடுவே பாச்சை உருண்டை வைத்த ஒருவரின் ஒரு குவிண்டால் சரக்கு வீணானதை இதே சந்தையில் கண்டேன்.

பார்வதிபுரம் காற்று:

இரும்புப் பெட்டி, உப்புச் சோதனை, உறைபெட்டி, மலைமரம். இவ்வளவும் செய்து கடைசியில் நெஞ்சுக்குள் புகையை விடுவதா? அந்தப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தை வையுங்கள் ஐயா.

முட்டம் மாலுமி:

பார்வதிபுரத்தாரே, அவரிடம் பெட்டி இரண்டு இருக்கிறது. பத்திரத்துக்கும் ஒன்று மிஞ்சும்.

தக்கலைக்காரன்:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் நன்றி. பெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். காகிதச் சோதனையில் ஒரு மூலை மட்டும் வழுக்குகிறது, அதைத் தட்டி நேராக்கக் கொடுத்திருக்கிறேன். ஆசாரியிடம் சந்தன வேம்பு என்றதும் அவருடைய முகமே மாறிவிட்டது, அவருடைய அப்பா காலத்துக் கட்டில் சட்டம் ஒன்று அந்த மரமாம். சுருட்டு வைக்கப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் தயங்கினார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அப்பா உறையூர்ச் சுருட்டு பிடிப்பவர். பெட்டி தயாராகிறது என்று தெரிந்ததும் தன்னுடைய கட்டையும் அதிலேயே வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா? பூசணம் பிடித்த அந்தப் பழைய மரப்பெட்டி ஸ்பானிஷ் சிடார் என்று போட்டிருக்கிறது. அதை உடைத்து மூடிக்கு உள்ளே அடித்தால் ஆசாரிக்கு வேலை குறையும் என்று தோன்றுகிறது.

முட்டம் மாலுமி:

அப்பாவின் சுருட்டைச் சேர்க்காதீர்கள். நாட்டுச் சுருட்டு உலர்ந்த நிலையிலேயே விற்பது, உலர்ந்தே பிடிப்பது. 65 விழுக்காட்டில் வைத்தால் அது ஈரத்தை இழுத்துப் பதம் மாறி, பற்றாமல் அணைந்து அணைந்து போகும், பழியை அவர் உங்கள் பெட்டிமேல் போடுவார். அதன் காரமும் வாடையும் மூடிய பெட்டிக்குள் ஒரு மாதத்தில் மற்ற எல்லாவற்றிலும் ஏறிவிடும். அவருக்கு மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா ஒன்று போதும், மழைக்காலத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அடியில் போட்டுவிடுங்கள். திருவிதாங்கூர் காலத்தில் நம் பக்கத்துக்கு யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல்வழி வந்தது, அரசாங்கமே ஏகபோகமாக வைத்து விற்றது. அந்த இலையைச் சுருட்டிப் பிடித்த நம் பாட்டன்மார் அடுப்புக்கு மேலே பரணில் செருகி வைத்ததோடு சரி. உலர்ந்த சுருட்டுக்கு அந்த அறிவே போதும். உங்களுடையது ஈரத்தோடு பக்குவப்படுத்திய வேறு சாதி.

பழைய மரப்பெட்டியை உடைத்து உள்ளே அடிக்க வேண்டாம். பூசணத்தின் விதை பலகையின் நுண்துளைக்குள் இருக்கும், துடைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் முழுவதும் போகாது. அப்படியொரு பலகையைக் காற்றுப்புகாத இடத்துக்குள் நீங்களே கொண்டுபோய் வைப்பதா? ஆசாரிக்குக் கொஞ்சம் வேலை இருக்கட்டும்.

பூசணம் பிடித்த சுருட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். மேல் இலையில் மட்டும் லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தனியாக வைத்து, முதலில் அவற்றைப் பிடித்துத் தீருங்கள். பற்றவைக்கும் முனையில், வெட்டுவாயில், உள்ளிலைகளுக்கு இடையே வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் யோசிக்காமல் தென்னை மூட்டில் போட்டுவிடுங்கள்.

பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள். மூடியே கிடந்தால் புகையிலையிலிருந்து வரும் அமோனியா வாடை தேங்கிவிடும். திறப்பதற்கு மழையில்லாத நாளின் நண்பகல்தான் நல்லது, அதிகாலையில் திறக்காதீர்கள். போவேடா பை கல்போல இறுகினால் புதிது மாற்றுங்கள், பருத்து உப்பினால் பெட்டி எங்கோ ஒழுகுகிறது, மறுபடியும் காகிதத்தை எடுங்கள்.